சுறாவாய் விமானங்களும் பன்னீர்செல்வத்தின் உயரமும்

வளைகுடாவின் முசஃபாவில் ஒரு கராஜில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பன்னீர்செல்வம், 1993 குளிர்காலத்தில் நான்கு விரற்கடை உயரம் குறைந்தார். முதலில் பேன்ட் தரையில் இழுபட்டது. சலவைக்காரன் துணியை இழுத்துவிட்டான் என்று ரூமில் இருந்தவர்கள் சொன்னார்கள். பிறகு செருப்பும் பெரிதானது. செருப்பை யாரும் சலவைக்குப் போடுவதில்லை என்பதால், அதற்குப் பிறகுதான் எல்லோரும் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

அவருக்கு விசா கொடுத்த முதலாளியை எல்லோரும் அர்பாப் என்று அழைப்பார்கள். குவைத் போர் நடந்தபோது வானத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு விமானப் பித்துப் பிடித்திருந்தது. புதிய விமானங்களை அவர் சீண்டவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் உலகப் போரில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பறந்த, மூக்கில் சுறாவின் வாயும் பல்லும் கண்ணும் வரைந்த சண்டை விமானம்தான் வேண்டும், அதுவும் ஐந்தில் ஒரு பங்கு அளவில், ரிமோட்டில் பறக்க வேண்டும் என்றார். எஞ்சின் இங்கிலாந்திலிருந்து வந்தது. மெல்லிய கட்டையும் தகடும் கொண்டு உடலைச் செய்தவர் பன்னீர்செல்வம். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் என்பதால் கண்ணைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். அவர் ஊரில் அய்யனார் குதிரைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். முதல் பார்வை மனிதர்மேல் விழாமல் இருக்க எதிரே கண்ணாடி பிடிப்பார்கள். அவரும் லாரியில் கழற்றிய கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். ஆனால் அர்பாப் வாசலில் நின்று "யல்லா, யல்லா" என்று விரட்டிய அவசரத்தில் அதை மறந்து, விமானத்தின் முகத்துக்கு நேரே நின்றபடி இரண்டாவது கருவிழியை வைத்துவிட்டார். விமானம் அவரைப் பார்த்தது. மறுநாள் மணல்வெளியில் அது பறந்த அழகில், ரிமோட்டைப் பிடித்திருந்த அர்பாபுக்கு விரலை அசைக்கும் வேலைகூட இருக்கவில்லை.

இரண்டாவது விமானத்துக்கு மறக்காமல் கண்ணாடி பிடித்தார். அது மணலில் கோழி மாதிரி ஓடி ஓடி நின்றது, எழும்பவே இல்லை. அர்பாப் கத்தினார். கண்ணை அழித்துவிட்டு, நேரே நின்று மறுபடி வரைந்ததும் எழும்பியது. பன்னீர்செல்வம் இன்னொரு நான்கு விரற்கடை குறைந்தார். அதன்பிறகு இந்த விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அர்பாபிடம் சொன்னபோது, "மாஃபி முஷ்கில், பரவாயில்லை, சின்ன விமானத்துக்குச் சின்ன ஆள் நல்லதுதான்" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒரு படைப்பிரிவுக்குப் பன்னிரண்டு விமானம், பன்னிரண்டும் பறந்த அன்று லீவு என்றார். பாஸ்போர்ட் அவரிடம்தான் இருந்தது.

பன்னீர்செல்வத்துக்கு லீவு வேண்டியது மகளுக்காக. மனைவி கனகாவை மாசமாக விட்டுவிட்டு 1990இல் விமானம் ஏறியவர், ஜலஜாவின் முகத்தை போட்டோவில்தான் பார்த்திருந்தார். குரலைக் கேசட்டில் கேட்டார். "அப்பா, நீ ஆறடியாமே? வந்தொடனே என்னயத் தூக்கு. நான் உத்தரத்தத் தொடணும்." இதைக் கேட்ட அன்று அவர் சாப்பிடவில்லை.

கராஜுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த கீழக்கரை மஹ்மூதுக்கு இது பொறுக்கவில்லை. "கண்ணாடியப் புடிச்சே வரைஞ்சிட்டுப் போ பன்னீரு. பறக்காட்டி அவனுக்குத்தானே நட்டம்?" என்றார்.

"பறக்கலன்னா லீவு இல்ல பாய். பறந்தா நான் கொறையிறேன்."

"அப்ப மெதுவாச் செய்யி."

"மெதுவாச் செஞ்சா புள்ள வளர்ந்துருவா. தூக்குற அளவுக்கு அவளும் இருக்கணும், நானும் இருக்கணும்ல?"

இந்தக் கணக்கில்தான் அவர் வெறிபிடித்தது போல வேலை செய்தார். ஐந்தாவது விமானத்தில் தையல்காரர் அவர் பேன்ட்டை வெட்டித் தைத்தார். எட்டாவதில் ரூம்காரர்கள் அவரை மேல்கட்டிலிலிருந்து கீழ்க்கட்டிலுக்கு மாற்றினார்கள். பத்தாவதுக்குப் பெயின்ட் டப்பாமேல் ஏறி நின்றார். 1995 முடிவதற்குள் பன்னிரண்டும் முடிந்தன. மணல்வெளியில் பன்னிரண்டும் ஒன்றாகப் பறந்தபோது அர்பாப் சந்தோஷத்தில் அழுதார், கையோடு பாஸ்போர்ட்டையும் கொடுத்தார். மீனம்பாக்கத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டில் எழுதியிருந்த உயரத்தையும் மேஜைக்கு அந்தப்பக்கம் தெரிந்த நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த வெயில் ஆள வத்த வச்சிரும்னு சொல்வாங்க" என்று முத்திரை குத்தினார்.

வாசலில் அவரைப் பார்த்த கனகா அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஜலஜா அவரோடு முதுகொட்டி நின்று பார்த்தாள். அவள்தான் உயரம். பன்னீர்செல்வம் முக்காலிமேல் ஏறி அவளைத் தூக்கப் பார்க்க, இரண்டு பேரும் விழுந்தார்கள். பிள்ளை சிரித்தது. ஊரும் ஒரு வாரம்தான் வேடிக்கை பார்த்தது, அதற்குப் பிறகு மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டது.

லீவு முடிய இருந்தபோது அர்பாப் போனில் பேசினார். படை இருக்கிறது, சண்டைக்கு எதிரி வேண்டாமா? எதிரி விமானங்களும் பன்னிரண்டு செய்ய வேண்டும், உடனே புறப்பட்டு வா. பன்னீர்செல்வம் சரி என்றார். அன்று கனகா அவரைச் சுவரோரம் நிறுத்தி, பாதத்திலிருந்து நான்கு நான்கு விரலாக வைத்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாவது தடவை அவருடைய உச்சந்தலையில் முடிந்தது.

"போவாதீங்க," என்றாள்.

"இங்க மூணடி ஆளுக்கு யாரு வேல குடுப்பா? அங்கதான் என் ஒசரத்த யாரும் கேக்கல."

புறப்படுகிற அன்று மூன்று பேரும் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். மெட்ராஸ் பஸ்ஸின் படி உயரமாக இருந்தது. அவர் இரண்டு முறை காலை எட்டி வைத்துப் பார்த்தார், முடியவில்லை. ஜலஜா பின்னால் வந்து, இடுப்பைக் கட்டிப் பிடித்து அப்பாவைத் தூக்கி உள்ளே விட்டாள். கண்டக்டர் அவருக்கு வெளியே தெரியட்டும் என்று ஜன்னலோர சீட்டில் ஒரு சாக்கு மூட்டையைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்துவிட்டு, விசில் கொடுத்தார்.