மூடியைத் தூக்கிக் கட்டியவன்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரம் அவனுடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டு நாலு மாதமாகிறது. நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடச் சொல்லி வீடே நச்சரித்தது. அவன்தான் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான். கடைசியில் மச்சினன் அவனை வக்கீல் அலுவலகத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"பேசுறதுக்கு விரல் எதுக்கு மாமா? வாயைத் திறங்க."

வக்கீல் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மிஷின்ல பாதுகாப்பு மூடி இருந்துச்சா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை நாள் ஒளிந்திருந்தான். மூடி இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அதை இறக்கி ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் கொடுத்த வேலையில் பாதிகூட முடியாது. அதனால் காலையிலேயே மூடியைத் தூக்கிக் கம்பியால் கட்டிவிடுவார்கள். எல்லோரும்தான். ஆனால் அன்று கட்டியது அவன்.

பொய் நாக்கு நுனி வரை வந்தது. வக்கீல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சும்மா. நான்தான் தூக்கிக் கட்டினேன்."

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடு! முடிஞ்சுது, எழுந்திரிங்க மாமா."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க தம்பி," என்ற வக்கீல் அவன் பக்கம் திரும்பினார். "கம்பி உங்க வீட்டுலேருந்து கொண்டு போனதா?"

"இல்லம்மா. ஸ்டோர்ல தருவாங்க. திங்கக்கிழமையானா ஆளுக்கு ஒரு முழம். நோட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

"எதுக்குன்னு எழுதுவாங்களா?"

"மூடி கட்டன்னு எழுதுவாங்க. பக்கத்துல சூப்பர்வைசரும் கையெழுத்துப் போடணும். அது இல்லாட்டி ஸ்டோர்காரன் குண்டூசிகூடத் தரமாட்டான். அவ்வளவு கறார்."

வக்கீல் பேனாவை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "கம்பியும் குடுத்து, எதுக்குன்னு எழுதியும் வெச்சிருக்காங்களே! இனிமே எங்களுக்குத் தெரியாதுன்னு எந்த வாயால சொல்லுவாங்க? அந்த நோட்டைக் கோர்ட் மூலமாக் கேப்போம்."

"அப்ப என் தப்பு?"

"உங்க பங்குக்குத் தொகையில கொஞ்சம் குறைப்பாங்க. அதுக்காக வழக்கே இல்லைன்னு ஆயிடாது. மூடியே கிடையாதுன்னு புளுகியிருந்தீங்கன்னா அதே நோட்டு உங்களுக்கு எமனா வந்திருக்கும்."

அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அதுவரை நுனியில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

படியிறங்கும்போது மச்சினன் பொருமினான். "இதை நாலு மாசம் முன்னாடியே சொல்றதுக்கு என்னவாம்?"

"கம்பி ஏதுன்னு யாருடா கேட்டீங்க?"

விரல்கள் இனி முளைக்கப் போவதில்லை. ஆனால் பசித்தது. தெருமுனைக் கடையில் மிச்சமிருந்த மூன்று விரல்களால் இரண்டு தட்டுச் சோற்றைக் காலி செய்தான். காசு மச்சினன் கொடுத்தான்.