ஆல்மா ரோஸ் பைக்குள் போன நாள்

காரியகூ தீவில், ஹில்ஸ்பரோ கைவினைச் சந்தையில், வெர்லினின் கடைப் பலகைமேல் இருந்த ஒரு முழ நீள மரப்படகு, சொட்டு மழையில்லாத ஒரு காலையில் கடல்நீரில் நனைந்திருந்தது. தொட்டு நக்கிப் பார்த்தார்கள், உப்புக் கரித்தது. அந்த வாரம் சங்குக் கறி விலை ஏறியிருந்ததால் சந்தையில் அதுதான் பேச்சு. படகு நனைந்தது இரண்டாவது செய்தி. வெர்லின் மட்டும் படகின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் புருஷன் லெனாக்ஸ் சரக்குப் பாய்மரக் கப்பலின் தலைவன். முந்தின நாள் காலைச் சாப்பாட்டைத் தொடாமல் சண்டை போட்டுக்கொண்டு டிரினிடாடுக்குக் கிளம்பிப் போயிருந்தான். அந்தக் கோபத்தில் அவள், விற்பனைக்கு வைத்திருந்த இந்தப் பொம்மைப் படகின் பின்புறத்தில் அவன் கப்பலின் பெயரை, ஆல்மா ரோஸ் என்று எழுதி, எங்கே போவாய் பார்க்கிறேன் என்று கடைத் தூணில் நூலால் கட்டிப் போட்டாள். அந்தத் தீவில் புதுப் படகை இறக்குமுன் முன்பக்கம் செம்மறியும் பின்பக்கம் வெள்ளாடும் வெட்டி ரத்தம் காட்டிய பிறகே பெயர் எழுதிய கொடியை அவிழ்த்து விரிப்பார்கள். அந்தப் படகு மிதக்கிறவரை அதே பெயரை இன்னொன்றுக்கு வைப்பதில்லை. பொம்மைக்கும் கிடையாது. இது வெர்லினுக்கு நன்றாகத் தெரியும், கோபத்துக்குத் தெரியவில்லை.

மறுநாள் பொம்மை இடப்பக்கம் சாய்ந்து நின்றது. ஒற்றை விரலால் நிமிர்த்தினாள். மாலையில் கடையிலிருந்த கப்பல் ரேடியோவில் லெனாக்ஸ் பேசினான்: "கவுந்தே போச்சுன்னு நெனச்சேன்டி. யாரோ தூக்கி விட்ட மாதிரி நிமுந்துருச்சு. பெயின்ட்ல ஒரு விரல் ரேகை இருக்கு, கதவு அகலத்துக்கு." நடுக்கடலில் இருப்பவனிடம் சொல்கிற விஷயமா இது? பெயரைச் சுரண்டிவிடக் கத்தியை எடுத்தாள். பெயரோடு ஆளும் போய்விட்டால் என்று தோன்றியதும் கத்தி கையிலேயே நின்றது. பெயர் தெரியாதபடி பொம்மையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். அதன் அருகில் தும்மக்கூட இல்லை. இட்லி மாவு போலப் பொங்கிக்கொண்டிருந்த பயத்தை யாரிடமும் காட்டவும் இல்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

அந்தச் சந்தையில் ஒருத்தி எழுந்து போனால் பக்கத்துக் கடைக்காரி அவள் சரக்கையும் விற்றுக் கொடுப்பாள். வெர்லின் ரொட்டி வாங்கப் போய்த் திரும்பியபோது, துணிப்பொம்மை விற்கும் தியடோரா பெருமையாகச் சிரித்தாள். "உன் நனைஞ்ச படகைத் தள்ளிவிட்டுட்டேன்டி. ஒரு வெள்ளைக்கார அம்மா பையில போட்டுக்கிட்டுப் போயிருச்சு. எனக்கு மீன் வறுவலாவது வாங்கித் தா."

"அக்கா, பின்னாடி பேரைப் பாக்கலியா?"

"கண்ணாடி வீட்ல கெடக்கு."

அப்போதே ரேடியோ கரகரத்தது. "வெர்லின், பட்டப்பகல்ல இருட்டிப் போச்சு. நட்சத்திரம்கூட இல்ல. காத்தே இல்லாம கப்பல் ஆடுது, யாரோ இடுப்புல வச்சு நடக்குற மாதிரி. தேங்காயெண்ணெ வாசனை வேற. பயமா இருக்குடி." புயலையே கொஞ்சம் காற்று என்று சொல்கிறவன் அவன். வெர்லின் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

துறையில் பயணப் படகு கிளம்பத் தயாராக இருந்தது. வெயிலுக்கு உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் பூசிய மஞ்சள் தலைமுடிக்காரி ஒருத்தி மடியில் பையை வைத்து, அதற்குள் தண்ணீர்ப் போத்தலைத் திணிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, திணிக்காதீங்க! அந்தப் படகைக் குடுத்துருங்க. பதிலுக்கு என் கடையையே எடுத்துக்குங்க."

"வித்ததைத் திருப்பிக் கேக்குற சந்தையை இப்பத்தான் பாக்குறேன். அப்படி என்ன இருக்கு இதுல?"

"என் வீட்டுக்காரரு."

அந்த அம்மாள் சிரித்தாள். பொம்மையை வெளியே எடுத்து, வருகிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல, பாய் புடைக்கிறதா என்று ஊதிப் பார்க்க மூச்சை இழுத்தாள். வெர்லின் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். விருந்தாளியின் வாயைப் பொத்தியவர் அந்தத் தீவில் அதுவரை யாரும் கிடையாது, துறையே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில், இருவருக்கும் நடுவே, பொம்மையின் தளத்திலிருந்து கொசு ரீங்காரம் போன்ற மெல்லிய குரலில் ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் இரண்டு கையாலும் பொம்மையை நீட்டினாள். வெர்லின் அதை, கொதிக்கும் குழம்புச் சட்டி போல, தளும்பாமல் ஏந்திக்கொண்டு வந்தாள்.

வாரக் கடைசியில் லெனாக்ஸ் வந்து சேர்ந்தான். பாய்மரத்தைச் சுற்றி மணிக்கட்டுத் தடிமனில் ஒரு மஞ்சள் முடி. வெர்லின் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவன் கருவாடும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தான். "அடுத்த சண்டையில சட்டியைத் தூக்கி எறி," என்றான். "கப்பலை விட்டுரு."

பொம்மைக்கும் சேவல் கொண்டையிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் காட்டினார்கள். அது இன்றும் அதே பலகையில், சில நாள் நனைந்தும் சில நாள் காய்ந்தும் இருக்கிறது. தியடோரா கண்ணாடியைக் கழற்றுவதே இல்லை. முடி நல்ல முடி. உப்பில் இற்றுப்போகாததால் ஆல்மா ரோஸுக்கு அதுதான் நங்கூரக் கயிறு. எங்கே வாங்கியது என்று மற்றக் கப்பல்காரர்கள் கேட்டால், சந்தையில்தான் என்கிறான் லெனாக்ஸ்.