குடிச்ச கை

“நீ அடுப்படியிலயே இரு. முன்னுக்கு வந்துறாத,” என்றாள் நல்லம்மா. மீனாம்பாள் அப்போது மகளின் பரிசத் தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நல்லம்மா அவளுடைய கணவன் முருகையாவின் அக்காள். தட்டைப் பிடுங்கி, அடுக்கியிருந்ததைக் கொட்டிவிட்டு, வேறு வெற்றிலை எடுத்து வைத்தாள்.

“ஏன் மதினி?”

“குடிச்ச கை. புள்ளைக்கு நல்லது நடக்குற நேரத்துல படக்கூடாது.”

வாசலில் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்த முருகையாவுக்கு அது கேட்டது. அவன் வேட்டியின் மடிப்பை நீவிக்கொண்டான்.

லுணுகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மீனாம்பாள் குடித்த கதை எல்லோருக்கும் தெரியும். அது தொடங்கிய கதையை மட்டும் யாரும் பேசுவதில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்தே இறந்தபோது, பால் கட்டி மார்பு நெருப்பாய்க் கொதிக்க, அவள் விடாமல் அழுதாள். அந்தச் சத்தம் பொறுக்காமல் முருகையாதான் கள்ளச்சாராயமான கசிப்பைத் தண்ணீரில் கலந்து கொடுத்தான். மருந்தென்று நினைத்துக் குடிக்கச் சொன்னான். குடித்தாள், தூங்கினாள். பிறகு அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கொழுந்து பறிக்கும் மலையில் கால் தடுமாறி வடிகானில் விழுந்து கிடந்தவளை, அதே முருகையா தலைமயிரைப் பிடித்து லயத்து வீடுகளின் வாசல் நெடுக இழுத்து வந்தான். அவன் குடித்து விழுந்த நாட்களில் நாலு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். மகள் துவாரகா தாயை அம்மா என்று கூப்பிடுவதையே விட்டாள்.

பதுளையில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் நடுங்கியும் வாந்தியெடுத்தும் மீனாம்பாள் தேறினாள். யாருக்காக விடுகிறீர்கள் என்று அங்கே கேட்டபோது மற்றவர்கள் பிள்ளைகளுக்காக என்றார்கள். “என்னய இழுத்தவங்க, வேடிக்கை பாத்தவங்க முன்னுக்கு ஒருநா நெதானத்தோட நிக்கணும்ங்க,” என்றாள் மீனாம்பாள். குடித்தபோது மறந்திருந்ததெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

வீடு திரும்பிய பிறகும் துவாரகா தேவைக்கு மேல் பேசவில்லை. ஆனால் ஒரு மழை நாளில், மலையிலிருந்து நனைந்து வந்தவளின் முன்னால் பேசாமல் ஒரு கோப்பை தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள். அதை மீனாம்பாள் யாரிடமும் சொல்லவில்லை.

பரிச நாளான அன்று பெரகலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்ததும், முருகையா ஆண்களை லயத்துக்குப் பின்னால் அழைத்துப் போனான். கராம்பை மென்றபடி எல்லோரும் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார்கள். முருகையாவும் மாப்பிள்ளையின் தகப்பனும் மாற்றிக்கொள்வதற்காகப் பரிசத் தட்டுகளைக் கையில் எடுத்தார்கள்.

“பொண்ணோட அம்மாவக் காணோமே?” என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டாள்.

“அவளுக்குக் காய்ச்சல்ங்க,” என்றாள் நல்லம்மா.

மீனாம்பாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“காய்ச்சல் இல்லீங்க. நான் முந்தி குடிச்சவ. பதுளைக்குப் போயி விட்டுட்டு வந்துட்டேன். குடிச்ச கை தட்டத் தொடக்கூடாதுன்னு மதினி சொல்றாங்க. நல்ல வழக்கந்தான்.” அவள் கணவன் பக்கம் திரும்பினாள். “அப்ப நீங்களும் தட்டக் கீழ வைங்க. இப்பத்தான குடிச்சிட்டு வந்தீங்க?”

“வாய மூடுடி,” என்றான் முருகையா. கராம்பையும் மீறிச் சாராயம் மணத்தது.

“சம்பந்தியும் வச்சிருங்க. குடிச்ச கையெல்லாம் வெளித் திண்ணையில இருக்கட்டும். நான் அடுப்படிக்குப் போறேன். நீங்கள்லாம் இஸ்தோப்புக்குப் போங்க.”

அவள் குரல் உயரவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். எந்தக் குடியும் தராத இன்பம் அவளுக்குள் இறங்கியது.

“பெத்த மக வாழ்க்கையக் கெடுக்குறியேடி,” என்றாள் நல்லம்மா.

அப்போதுதான் மீனாம்பாளுக்கு மகளின் நினைவே வந்தது. துவாரகா பட்டுச்சேலையோடு எழுந்து நின்றிருந்தாள்.

“இன்னைக்குத்தான் கேக்கணுமா?”

“வேற எந்த நாளு இவ்வளவு பேரு இருப்பாங்க?”

துவாரகா தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தகப்பனிடம் போய்த் தட்டைப் பிடித்தாள். அவன் விடவில்லை.

“விடுங்கப்பா. அவங்களுக்கு மொதல்ல ஊத்திக் குடுத்தது நீங்கதான். தூங்குற மாதிரி படுத்துக்கிட்டு நான் பாத்தேன்.”

முருகையாவின் பிடி தளர்ந்தது. துவாரகா தட்டைக் கொண்டுவந்து மீனாம்பாளின் கையில் வைத்தாள்.

“மாத்துங்கம்மா.”

மாப்பிள்ளையின் தாய் எழுந்தாள். தன் கணவனின் கையையும் முகத்தையும் பார்த்தாள். அவளுக்கும் எத்தனையோ ஞாபகங்கள் இருந்திருக்க வேண்டும். “குடுங்க இங்க,” என்று அவனிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பெண்களும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக இஸ்தோப்புக்குப் போய்ப் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் தோட்டத்தில் அதன்பிறகு மீனாம்பாளைப் பற்றி ஒரே பேச்சுத்தான்.

“குடிச்சிக்கிட்டுத் திரிஞ்சப்ப அவ வாயே தொறக்க மாட்டா. அப்ப எவ்வளவு நல்ல பொம்பளையா இருந்தா.”