சலவை அறையில் மூன்று துப்பாக்கிகள்

"லைசென்ஸ் அடுத்த மாசத்தோட முடியுது, கிளென். அந்த மூணையும் என்ன பண்ணலாம்?"

கணவன் மெர்வ் இப்படிக் கேட்டபோது கிளெனிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை. ரொட்டியின் ஓரம் வரைக்கும் தடவி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நீ என்ன நினைக்கிற?"

"நான் என்ன நினைக்கிறது? ஆடு இல்ல. நிலத்தையும் பக்கத்துப் பண்ணை கெல்வினுக்குக் குத்தகைக்கு விட்டாச்சு. எதுக்குய்யா உனக்குத் துப்பாக்கின்னு போலீஸ்ல கேட்டா, முயலுக்குன்னு சொல்லணும். முயலே என்னப் பாத்துச் சிரிக்கும்."

அவன் வேடிக்கையாகப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. சிரித்திருக்க வேண்டும். அவளோ எழுந்து போய்க் குழாயடியில் நின்று, கழுவ வேண்டிய அவசியமே இல்லாத கத்தியைக் கழுவினாள்.

சலவை அறையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டிக்குள் அந்த மூன்றும் இருந்தன. மெர்வுடைய தாத்தா வைத்திருந்த இரட்டைக்குழல் ஒன்று. அதன் இரும்பில் இரண்டு பக்கமும் பறக்கும் வாத்துகள் செதுக்கியிருக்கும். முயல் சுடுகிற சின்ன ரைஃபிள் ஒன்று. மூன்றாவது பெரிய ரைஃபிள். ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் வரும் நரிகளுக்கும், பிழைக்க வழியில்லாத ஆடுமாடுகளுக்கும் அதுதான்.

அந்தப் பெரியதைக் கடைசியாக எடுத்தது பஞ்சத்தின்போது. மாலி என்கிற அந்த வறண்ட புதர்க்காட்டுப் பக்கம் மழை பொய்ப்பது புதிதல்ல, ஆனால் அந்தத் தடவை விடாமல் பொய்த்துக்கொண்டே இருந்தது. வைக்கோல் விலை வானத்துக்குப் போயிற்று. மிஞ்சிய தாய் ஆடுகளுக்கு லாரியில் ஏறி நிற்கக்கூடத் தெம்பில்லை. கெல்வினின் மண் தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து குட்டைக்குப் பின்னால் பெரிய குழி வெட்டினான் மெர்வ். காலையில் ஆரம்பித்தது, மத்தியானம் தாண்டியும் ஓயவில்லை. சமையலறையில் கிளெனிஸ் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு வெடியும் கேட்டது.

அதற்குப் பிறகு அவன் ஒரு மாதிரி ஆகிவிட்டான். சவரம் கிடையாது. சனிக்கிழமை ஃபுட்டி ஆட்டம் பார்ப்பது கிடையாது. கொட்டகைக்குள் நிற்கிற, பின்பக்கம் திறந்த யூட் வண்டியில் ஏறி, என்ஜினைக்கூடப் போடாமல், மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டால் வருவான், வைத்ததைச் சாப்பிடுவான், மறுபடி போய் உட்கார்ந்துகொள்வான். ஒருநாள் அவன் கொட்டகையில் இருந்தபோது கிளெனிஸ் கொக்கியிலிருந்து இரும்புப் பெட்டியின் சாவியை எடுத்தாள். அவளுக்கும் லைசென்ஸ் உண்டு, சட்டப்படி தப்பில்லை. மாவு டப்பாவில் கொஞ்ச நாள், தையல் பெட்டியில் கொஞ்ச நாள், பழைய பூட்ஸுக்குள் கொஞ்ச நாள் என்று இடம் மாற்றி மாற்றி வைத்தாள். கடைசியில் கைப்பையின் உள்துணிக்குள் போட்டுத் தைத்துவிட்டாள். ஒவ்வொரு தடவை இடம் மாற்றும்போதும் உடம்பே கனத்துப் போகும். மகள் டாம்சினிடம்கூட மூச்சு விடவில்லை. மெர்வ் சாவியைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பிறகு மழை வந்தது, அவனும் மெல்ல மெல்ல ஓரளவுக்கு மனிதனானான். சாவி மட்டும் கைப்பையிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை டாம்சின் போன் செய்தாள். அவள் மவுண்ட் கேம்பியரில் நர்ஸ். மெர்வ் ஸ்பீக்கரில் போடச் சொன்னான்.

"பாட்டன் துப்பாக்கிய உனக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன், டாம்ஸ். மத்த ரெண்டையும் வித்துடலாம்."

"எனக்கு எதுக்குப்பா அது? நான் இருக்கறது மாடி வீடு. ஜன்னல்லேர்ந்து வாத்து சுடவா?"

"உன் கொள்ளுத்தாத்தா வெச்சிருந்தது."

"கொள்ளுத்தாத்தா பல்செட்டுகூடத்தான் வெச்சிருந்தார். அதையும் பேசாம எனக்கே குடுத்துடுங்க."

மெர்வ் வாய்விட்டுச் சிரித்தான். நாய்க்குச் சோறு வைக்கிறேன் என்று எழுந்து போனவன் முகத்தில் அந்தச் சிரிப்பு கதவு வரைக்கும்கூட நிற்கவில்லை. அவன் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் டாம்சினின் குரல் மாறிற்று.

"அம்மா, ஸ்பீக்கர ஆஃப் பண்ணு."

"பண்ணிட்டேன்."

"வித்துடுங்கம்மா. மூணையும். யாருக்காவது சும்மா குடுத்தாலும் பரவால்ல."

"ஏன் இவ்ளோ அவசரம் உனக்கு?"

"சும்மாதான் சொன்னேன்."

 இவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று கிளெனிஸுக்குப் புரிந்தது. டாம்சினுக்கும் இந்தப் பக்கம் புரிந்திருக்க வேண்டும். இருவரும் அங்கே குளிர் எப்படி, இங்கே குளிர் எப்படி என்று பேசிவிட்டுப் போனை வைத்தார்கள்.

அந்த வாரம் முழுக்க மெர்வ் தினம் ஒன்று சொன்னான். விற்றுவிடலாம் என்பான். சாயங்காலம், விற்ற பிறகு பாம்பு வந்தால் என்ன செய்வது என்பான். கெல்வினுக்கே கொடுத்துவிடலாம் என்பான். கெல்வினிடமே ஏகப்பட்டது இருக்கிறது என்று அவனே பதிலும் சொல்லிக்கொள்வான். கிளெனிஸ் எல்லாவற்றுக்கும் "சரி" என்றாள். லைசென்ஸைப் புதுப்பித்தால் இன்னும் எத்தனை வருஷம் இந்தக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கெல்லாம் போவது என்ற எண்ணம் மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கெல்வினின் மனைவி கிர்ஸ்டி போன் செய்தாள். மூச்சு வாங்கப் பேசினாள். கிடாரி ஒன்று வேலியோரத்தில் மாடு தாண்டாமலிருக்கப் போட்ட கம்பிப் பாலத்தில் காலை விட்டு முறித்துக்கொண்டதாம். எலும்பு வெளியே தெரிகிறதாம். கெல்வின் முட்டி ஆபரேஷனுக்கு அடிலெய்டு போயிருக்கிறான். மாட்டு டாக்டர் வந்து சேரச் சாயங்காலம் ஆகும்.

"அது கத்துறதக் கேக்க முடியல, கிளெனிஸ். மெர்வ கொஞ்சம் வரச் சொல்லுங்களேன்."

போனில் அவள் அழுத சத்தம் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்கும் கேட்டுவிட்டது. மெர்வ் எழுந்து வந்தான். உள்ளங்கையை நீட்டினான்.

"சாவி."

சாவி எங்கே என்று கேட்கவில்லை. சாவி என்றுதான் சொன்னான்.

கிளெனிஸ் அந்தக் கையைப் பார்த்தாள். நடுங்கவில்லை. வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். யாரைக் கூப்பிடுவது? அதற்குள் அந்த ஜீவன் என்ன பாடுபடும்? நாற்காலியில் கிடந்த கைப்பையை எடுத்துத் திறந்து, கத்தரிக்கோலால் உள்துணியின் தையலைப் பிரித்தாள். டாக்டர் அறையில் யாராவது சட்டையைக் கழற்றும்போது திரும்பிக்கொள்வது போல மெர்வ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நானும் வரேன்," என்றாள்.

"வா."

யூட்டில் போகும்போது ரைஃபிள் பின்னால் பெட்டியில் இருந்தது, தோட்டாக்கள் அவள் மடியில் இருந்தன.  கிடாரியின் முகத்தின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, தண்ணீர் வாளியைப் பிடித்தபடி கிர்ஸ்டி நின்றிருந்தாள். மெர்வ் போய் மண்டியிட்டு அதன் கழுத்தைத் தடவினான்.

"சரி தங்கம், சரிம்மா. உன்ன யாரு இந்தப் பக்கம் வரச் சொன்னது? சரி, சரி."

கையை அவள் பக்கம் நீட்டினான். கிளெனிஸ் ஒரே ஒரு தோட்டாவைக் கொடுத்தாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். 

ஒரே வெடியில் முடிந்துவிட்டது. மரங்களிலிருந்து கலாக் கிளிகள் கூட்டமாக எழும்பிக் கத்திக்கொண்டே போயின. கிர்ஸ்டி மெர்வைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு டிராக்டர் எடுத்துவரப் போனாள்.

அது இல்லாமல் சுட முடியாத போல்ட்டை மெர்வ் ரைஃபிளிலிருந்து கழற்றி, கேட்காமலேயே கிளெனிஸிடம் கொடுத்தான். யூட்டின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாவு டப்பால வெச்சிருந்தப்ப நீ ரொம்ப நாள் கேக்கே சுடல," என்றான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "தெரியுமா உனக்கு?"

"மொதல்ல தெரியாது. மாவு டப்பாவெல்லாம் அப்புறமா யூகிச்சது." அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மாட்டு மயிரை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். "நீ சர்ச்சு விற்பனைக்குப் போயிருந்த அன்னிக்குத்தான் தெரிஞ்சது. கொக்கியில தேடினேன். இல்ல."

கிளெனிஸ் போல்ட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோவம் வந்துச்சு பாரு, அப்படி ஒரு கோவம். வீட்டுல நின்னு உன்ன சத்தம் போட்டுத் திட்டினேன். நாய் பயந்து ஓடிருச்சு. வாஷிங் மெஷின் வேற, துவைச்சு முடிச்சிட்டு பீப் பீப்னு உசுர எடுத்துச்சு. சரின்னு துணிய எடுத்துட்டுப் போய்க் காயப்போட்டேன். அதக் காயப்போட்டு முடிக்கறதுக்குள்ள… என்னன்னு சொல்றது. அந்த நேரம் போயிருச்சு."

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. விற்பனையில் நாளெல்லாம் நின்று கால் வலியோடு வீட்டுக்கு வந்தாள். கொடியில் சட்டைகளெல்லாம் காலரில் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தன.

"நான் உன்னத் திட்டினேன்," என்றாள். "இத்தன வயசாச்சு, ஒரு சட்டையக் காயப்போடத் தெரியலியான்னு."

"திட்டின. நல்லாத் திட்டின. எனக்கு அன்னிக்கு அது நல்லா இருந்துச்சு."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அழக்கூட அலுப்பாக இருந்தது.

"ஏன் மெர்வ் என்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம்."

அவன் தலையாட்டினான். தூரத்தில் டிராக்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"இப்ப?" என்று கேட்டாள்.

"இப்ப அலுப்பா இருக்கு. அவ்வளவுதான். அந்த மாதிரி இல்ல."

"எனக்கும் ஒளிச்சு வெச்சு ஒளிச்சு வெச்சு அலுத்துப்போச்சு. டாக்டர்கிட்ட போறியா? எல்லாத்தையும் சொல்லணும். சட்டை காயப்போட்டது உள்பட."

"போறேன்."

"நானும் வருவேன்."

"வராம இருந்துடுவியா நீ?"

டாக்டரிடம் போனார்கள். மெர்வ் சொன்னான், திக்கித் திக்கி, பாதியைத் தரையைப் பார்த்துக்கொண்டு. அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள். அதற்கும் போனான். நடுவில் ஒருநாள் டாம்சினைக் கூப்பிட்டு அவனே பேசினான். அப்போது கிளெனிஸ் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

துப்பாக்கிகளை மர்ரே பிரிட்ஜில் ஹார்ட்விக் என்பவரின் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனார்கள். ரைஃபிள்கள் இரண்டையும் அவர் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக்கொண்டார். இரட்டைக்குழலை மட்டும் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அழகு," என்றார். "ஆனா யாரும் வாங்க மாட்டாங்க. பின்னாடி வந்து பாருங்க, அலமாரி முழுக்க தாத்தாக்கள்தான். பேரன் பேத்தி ஒருத்தருக்கும் வேண்டாம்."

"குழல அடைச்சு வெடிக்காம பண்ணி, சுவத்துல மாட்டிக்கலாமா?" என்றான் மெர்வ்.

"அதுக்கு வழி இருக்கு. கொஞ்சம் அலையணும்."

மெர்வ் கிளெனிஸைப் பார்த்தான்.

"எங்க மாட்டப்போற?" என்றாள்.

"ஹால்ல."

"தூசி யாரு தட்டுவா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. துப்பாக்கிக் கட்டையின் வழவழப்பில் ஒருமுறை கட்டைவிரலை ஓட்டினான். பிறகு, "நீங்களே வெச்சுக்குங்க. உருக்கினாலும் சரி," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தான்.

கிளெனிஸ் ஒரு நிமிஷம் பின்தங்கினாள். சின்ன ரைஃபிள் மேஜையில் கிடந்தது. டாம்சின் தவழ்கிற வயதில் வாசற்படியில் சுருண்டு கிடந்த பழுப்புப் பாம்பை இதை வைத்துத்தான் கிளெனிஸ் சுட்டாள். மெர்வ் வயலில் இருந்தான்.  இந்த ஒரு மாதத்தில் இது உனக்கு வேண்டுமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

"வேற ஏதாவது இருக்கா, மேடம்?" என்றார் ஹார்ட்விக்.

"இல்ல," என்றாள்.

பேக்கரியில் ஆளுக்கொரு இறைச்சி அடைத்த பேஸ்டி வாங்கிக் காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மெர்வ் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டான். அவள்தான் ஓட்டினாள். ஊரைத் தாண்டுவதற்குள் அவன் தலை சாய்ந்துவிட்டது, வாய் திறந்துவிட்டது. இப்படி அசந்து தூங்கி அவனைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று! மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினாள். கொஞ்ச தூரத்தில் அவளுக்கே கண் செருகியது. சாலையோர மரத்தடியில் நிறுத்தி என்ஜினை அணைத்தாள். லாரிகள் கடக்கும்போதெல்லாம் கார் குலுங்கியது.

ஒரு குலுக்கலில் மெர்வ் கண்ணைத் திறந்தான்.

"எங்க இருக்கோம்?"

"டெய்லம் பெண்டுக்கு இந்தப் பக்கம்."

"ஏன் நின்னுட்ட?"

"தூக்கம் வருது."

"அப்ப தூங்கு," என்று சொல்லிவிட்டு அவனும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.