அம்புக்குறி போகும் பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். கல்லூரியில் பிள்ளைகள் அக்சிலியா மேடம் என்று சொல்வதைவிட வேறு பெயர் சொல்வதுதான் அதிகம், அது இங்கே வேண்டாம். சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சமூகப்பணித் துறையில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாகப் பகுதிநேரத்தில் முனைவர் பட்டத்துக்கும் படிக்கிறேன். ஆய்வு, சங்ககிரி லாரி ஓட்டுநர்களின் இரவுப் பயணத்தையும் விபத்து அபாயத்தையும் பற்றியது.

போன ஆடி மாதம் அந்த ஆறு வருடமும் ஒரே ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாளுக்குப் பெயர் கருத்துச் சட்டகம். எண்களை வைத்துச் செய்கிற ஆய்வு என்றால், எது எதைப் பாதிக்கிறது என்று நாம் நினைக்கிறோமோ அதைக் கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறியால் இணைத்துக் காட்ட வேண்டும். காரணம் இடப்பக்கம், விளைவு வலப்பக்கம். கேள்வித்தாளும் கணக்கும் முடிவும் அந்தப் படத்திலிருந்துதான் பிறக்கும். என் படத்தை ஆய்வுக்குழு இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவது கூட்டம் அந்த வாரம் வெள்ளிக்கிழமை. அதிலும் தேறாவிட்டால் பதிவு ரத்து, இனி நீட்டிப்பு கிடையாது என்று கடிதமே வந்துவிட்டது.

என் படம் எளிமையானதுதான். வண்டி ஓட்டும் நேரம் ஒரு கட்டம். அதிலிருந்து ஓர் அம்பு தூக்கக் கலக்கத்துக்கு. அங்கிருந்து இன்னோர் அம்பு விபத்துக்கோ, மயிரிழையில் தப்பிய சம்பவத்துக்கோ போகும். கீழே தனியாக ஒரு கட்டம், வீட்டிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு. வீட்டுக்காரி நாலு வார்த்தை அன்பாகப் பேசினால் மனசு லேசாகும், கலக்கம் குறையும், விபத்தும் குறையும் என்று நானாக எழுதிக்கொண்டேன். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தை வைத்து என்ன செய்ய?

நாற்பது ஓட்டுநர்களிடம் முன்னோட்டமாகக் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினான்காவது கேள்வி, இரவில் ஓட்டும்போது தூக்கம் வருவதுண்டா என்பது. நாற்பதில் முப்பத்தேழு பேர் ‘ஒருபோதும் இல்லை’ என்று டிக் அடித்திருந்தார்கள். அதில் ஒருத்தர் என் கண்ணெதிரில் கொட்டாவி விட்டுக்கொண்டே அடித்தார். இன்னொரு பக்கம், வீட்டிலிருந்து அழைப்பு அதிகம் வருகிறவர்களுக்குத்தான் மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் அதிகம் என்று கணக்கு வந்தது. கூட்டிப் பார்த்தேன், வேறு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன், மாறவே இல்லை.

என் நெறியாளர் அருணகிரி சாருக்கோ ஒரே சந்தோஷம். அவர் கெட்டவர் இல்லை, என் பதிவு போய்விடக் கூடாதே என்று என்னைவிட அவர்தான் பயந்துகொண்டிருந்தார். தூக்கக் கலக்கத்தை அப்படியே தூக்கிவிடு, பதிலே வராத கட்டத்தை வைத்துக்கொண்டு எதற்கு மாரடிக்கிறாய் என்றார். வீட்டு அழைப்பைக் காரணத்தின் பக்கம் வை, அதிலிருந்து நேராக விபத்துக்கு ஓர் அம்பு போடு, புதுக் கண்டுபிடிப்பு, எந்த ஆய்விதழும் வாங்கிக்கொள்ளும் என்றார். யார் முதலில் அழைப்பது என்று கேட்டாயா என்றும் கேட்டார். கேட்டிருந்தேன். நாற்பது பேரும் ஒரே மாதிரி, வீட்டில் இருந்துதான் கூப்பிடுவார்கள் என்று எழுதியிருந்தார்கள். அவர் சொன்னபடியே படத்தை மாற்றினேன். புதன்கிழமை காலை புதுப் படத்தை அச்சடித்துக் கோப்பில் வைத்தேன்.

அன்று மதியம்தான் பார்த்தேன், இருபத்துமூன்றாவது ஆளின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இல்லை. பெயர் கோகுல்ராஜ். எட்டு மாதத்துக்கு முன் விபத்தில் கால் உடைந்து, எஃகுத் தகடு வைத்து, இப்போது சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்கிறவர். ஆபீஸில் அவர் இல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அவர் வீட்டுக்கே வண்டியை விட்டேன்.

அங்கேயும் அவர் இல்லை. வாசலில் அவர் அம்மா செல்லியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தறிக் கொட்டகையிலிருந்து கோகுல்ராஜின் மனைவி மதுமதி கையைத் துடைத்துக்கொண்டே வந்து எனக்கும் மாமியாருக்கும் ஆளுக்கொரு சொம்பில் தண்ணீர் வைத்தாள். நான் குடித்தேன். அந்தம்மா தன் சொம்பைக் கையால்கூடத் தொடாமல், எழுந்துபோய்க் குழாயில் பிடித்துக் குடித்துவிட்டு வந்தார். வந்து, நான் கேட்காமலே எனக்குச் சொன்னார், போன் பண்ணிப் பண்ணியே என் பையன் காலை ஒடித்துவிட்டாள் என்று. மருமகள் காதில் விழட்டும் என்றே சொன்னார். மதுமதி என்னைக் கொட்டகைப் பக்கம் நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். பிளஸ் டூவில் கணக்குப் பாடத்தில் நல்ல மார்க்காம். படிவத்தை எடுக்க நான் கோப்பைத் திறந்தபோது மேலே இருந்த படம் அவள் கண்ணில் பட்டது. இங்கிலீஷில்தான் இருந்தது, ஆனால் அம்புக்குறிக்கு ஏது பாஷை. விரலை வைத்து இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“இந்தப் பொட்டியில இருக்கறது நாந்தானுங்களா மேடம்?” என்றாள்.

பொதுவாகப் போட்டது, எல்லா ஓட்டுநர் வீட்டுக்கும் சேர்த்து, என்று ஏதோ மழுப்பினேன். சொன்னது எனக்கே ஒட்டவில்லை.

“ஊருக்குள்ள சொல்றாங்க, பொறுத்துக்கறனுங்க. எழுதி வெக்கிற புஸ்தகத்துலயும் அப்படியேதானுங்களா?”

தறிச் சத்தத்தில் அவள் அதைச் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, என்னைக் கிட்டே வரச்சொல்லி, நடந்ததைச் சொன்னாள். இரவில் கண்ணைச் செருகினால் கோகுல்ராஜ் அவளுக்கு ஒரே ஒரு ரிங் விட்டு நிறுத்திவிடுவார். போன் அவள் தலையணைக்கு அடியில் உதறும். குழந்தையும் மாமியாரும் எழுந்துவிடக் கூடாது என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே துவைக்கிற கல்லுக்குப் போய் நின்று அவள் திருப்பிக் கூப்பிடுவாள். விடியும்வரைக்கும்கூடப் பேசுவாள். என்ன பேசுவாய் என்றேன். தறியில் எத்தனை இழை அறுந்தது, குழந்தை எத்தனை இட்லி தின்றது, எதையாவது, அவருக்குக் கோபம் வருகிற மாதிரி இரண்டு விஷயம், கோபம் வந்தால் தூக்கம் போய்விடும் என்றாள். போன் பில் பார்த்துப் பேசிய காலத்துப் பழக்கம், இப்போது பில் இல்லை, பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் ஓட்டுநர் வீடுகளில் பாதி இப்படித்தானாம்.

எட்டு மாதத்துக்கு முன் அந்த இரவும் அப்படித்தான். ரிங் வந்தது இரண்டு நாற்பத்தேழுக்கு. இவள் கூப்பிட்டது இரண்டு நாற்பத்தெட்டுக்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் பதில் வரவில்லை, அப்புறம் சத்தம் மட்டும் வந்தது. நின்றுகொண்டிருந்த டேங்கரின் பின்னால் போய் மோதியிருந்தார். ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது, வீட்டிலிருந்து போன் வந்தது, எடுக்கக் குனிந்தேன் என்று சொல்லிவிட்டார். அவர் போனில் இவள் அழைப்புதான் கடைசியாக இருந்தது. மாமியாரும் எத்தனையோ நாள் விழித்துக்கொண்டு, இவள் துவைக்கிற கல்லடியில் நின்று நம்பர் போடுவதைப் பார்த்தவர், அதனால் அப்படியே நம்பிவிட்டார்.

ஏன் நீ வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு வந்த கோபத்தில் கொஞ்சம் அதட்டியே கேட்டுவிட்டேன்.

“தூங்கற டிரைவர்னு ஒருக்கா பேரு வந்துட்டா சங்ககிரியில எவனும் சாவி குடுக்க மாட்டானுங்க. கால் செரியாயி அவரு மறுக்கா வண்டி ஏற வேணாமுங்களா?”

தன் போனை எடுத்துக் காட்டினாள். இரண்டு நாற்பத்தேழு, தவறிய அழைப்பு. எட்டு மாதமாக அந்த ஒரு வரி அழிந்துவிடாமல் படம் பிடித்து வைத்திருக்கிறாள், யாரிடமும் காட்டியதில்லை. அவர் பேரைப் போடாதீர்கள், நான்தான் காரணம் என்றும் போடாதீர்கள் என்றாள். போடமாட்டேன் என்றேன். சொல்லிவிட்டு வண்டியை எடுத்த பிறகுதான் வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஞாபகத்துக்கு வந்தது.

முப்பத்தேழு ‘ஒருபோதும் இல்லை’ எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. நாற்பது நாளாக நான் அந்த ஆட்களிடம் போய், உனக்குச் சோறு போடாமல் செய்கிற வார்த்தையை உன் வாயால் சொல் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். அழைப்பால் விபத்து வரவில்லை. தூக்கம் வந்ததால் அழைப்பு வந்தது, தூக்கம் வந்ததால் விபத்தும் வந்தது. இரண்டும் சேர்ந்து கூடுவதைப் பார்த்துவிட்டு நான் ஒன்றை இன்னொன்றின் தலையில் கட்டிவிட்டேன். அம்பு திரும்பியிருக்க வேண்டும்.

ஒருத்தி சொன்னதை வைத்துப் படத்தை மாற்ற முடியாது. வியாழக்கிழமை கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு லாரிப் பேட்டைக்குப் போனேன். தூக்கம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. உங்கள் போனில் ராத்திரி அழைப்புப் பட்டியலைப் பார்த்து, வீட்டு அழைப்புக்கு முந்தின வரி என்ன என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். பதினோரு பேர் பார்த்தார்கள். ஒன்பது பேருக்கு அங்கே அவர்களே போட்ட அழைப்பு இருந்தது, பேசிய நேரம் பூஜ்யம். ஏன் கேள்வித்தாளில் எழுதவில்லை என்றால், நாங்கள் எங்கே கூப்பிட்டோம், ரிங்தானே விட்டோம் என்று சிரிக்கிறார்கள். அவர்கள் கணக்கில் அது கூப்பிடுவதில் சேர்த்தி இல்லை.

அருணகிரி சாருக்குப் போன் செய்தேன். மனிதர் கொதித்துவிட்டார். நாளைக்குக் கூட்டத்தை வைத்துக்கொண்டு இன்றைக்குப் படத்தை மாற்றுவாயா, கேள்வித்தாளையும் மாற்ற வேண்டும், முன்னோட்டத்தைத் திரும்பச் செய்ய வேண்டும், குழு சிரித்துக்கொண்டே ரத்து செய்யும் என்றார்.

“சார், தப்புன்னு தெரிஞ்ச அம்பை நான் எப்படி சார் போடுவேன்? அந்தப் பொண்ணு அதை விரல் வெச்சுப் படிச்சா சார்.”

அவர் போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அழுது முடித்து, புதுப் படத்தை வரைந்தேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் புதுப் படத்தை மேசைமேல் வைத்தேன். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் ஜெயப்பிரியா, புள்ளியியல் பேராசிரியர், படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கக் கலக்கம் நடுக்கட்டத்தில் திரும்ப வந்திருந்தது. அதிலிருந்து ஓர் அம்பு விபத்துக்கு, இன்னோர் அம்பு வீட்டு அழைப்புக்கு. அழைப்பிலிருந்து விபத்துக்குப் போன அம்பு புள்ளிக்கோடாக நின்றது. அது கூட்டுகிறதா குறைக்கிறதா என்பது இனிமேல் கண்டுபிடிக்க வேண்டியது. தூக்கம் வருமா என்று கேட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள் என்கிறாய், பின்னே எப்படி அளப்பாய் என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டேன், வாரத்தில் எத்தனை ரிங் விட்டார்கள் என்று அவர்கள் போனைப் பார்த்தே எண்ணச் சொல்வேன் என்றேன். நான்கு மாதத்தில் முன்னோட்டத்தைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும், அதுவரை பதிவு நிற்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் அருணகிரி சார் என்னைப் பார்க்காமல், காபி குடிக்கலாம் வா என்றார்.

புதுக் கேள்வித்தாளோடு பேட்டைக்குப் போன இரண்டாவது நாள் கோகுல்ராஜ் ஊன்றுகோலோடு வந்தார். மதுமதி என்னிடம் பேசியதை அவளே அவரிடம் சொல்லிவிட்டாளாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தாளை வாங்கினார். விபத்துக்கு முந்தின வாரத்தில் விட்ட ரிங் எத்தனை என்ற இடத்தில் ஒன்பது என்று எழுதினார். எழுதிவிட்டு, போன தடவை பதினான்காவது கேள்விக்குப் பொய் எழுதிவிட்டேன் என்றார். சொல்லும்போது முகம் தெளிந்துவிட்டது. எனக்கும் மனசு இளகத்தான் செய்தது.

“இதுல எம்பேரு வராதுங்களே மேடம்?” என்றார் அடுத்து.

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

“வராதுங்க. என் ஆய்வுக்கு இது போதும். ஆனா அங்க ஒருத்தி பேரு ஊர் முழுக்க வருதே. பேரில்லாத தாள்ல எழுதறதுக்கா இந்தக் காலோட இவ்வளவு தூரம் வந்தீங்க?”

ஆய்வாளர் இப்படிப் பேசக் கூடாது. நெறிமுறைக் குழு கேட்டிருந்தால் என் காதைத் திருகியிருக்கும். டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். கோகுல்ராஜ் தாளை என் கையில் கொடுத்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு, ஒரே ரிங்கில் நிறுத்தினார்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. தறிச் சத்தத்துக்கு நடுவே மதுமதியின் குரல் எனக்கே கேட்டது.

“ஏனுங்க, பகல்ல ரிங் உடறீங்க? எங்க இருக்கறீங்க, என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்ல. போனை அம்மாகிட்டக் குடு.”

தறிச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவள் வாசலுக்கு நடக்கிறாள் என்று தெரிந்தது. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை. அவள் வைத்த சொம்புத் தண்ணீரைக்கூடத் தொடாத அந்தம்மா போனை வாங்குவாரா என்று நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என்ன சாமி?” என்றது செல்லியம்மாளின் குரல்.

“அம்மா, அன்னிக்கு ராத்திரி மொதல்ல ரிங் உட்டது நாந்தான்” என்றார் கோகுல்ராஜ்.