சில்லெடுப்பு

1

இந்தக் கதை ஒரு தொலைபேசிச் சண்டையில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வெறும் மைதானத்துக்குப் போய், ரப்பர்க் கூம்புகளை வரிசையாக வைத்து, அவற்றைச் சுற்றிச் சுற்றிக் கார் ஓட்டுகிறான். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். பக்கத்தில் போட்டிக்கு ஆளில்லை, மணிக்கூட்டோடுதான் போட்டி. அதற்கு ஓட்டோகுறொஸ் என்று பெயராம். போன மாதம் என்னை அழைத்து, சில்லு பதினைந்து அங்குலமா பதினேழா, ரயர் மென்மையானதா கடினமானதா என்று முக்கால் மணி நேரம் கதைத்தான்.

"மாமா, காரிலை நிலத்தைத் தொடுறது அது நாலும் மட்டுந்தான். அதை ஆராய்ஞ்சு எடுக்கவேணும்" என்றான்.

"எங்கடை ஊரிலை அந்த நேரம் நாலு ரயரும் நாலு சாதி. ஆராயிறதுக்கு அங்கை என்ன கிடந்தது?" என்றேன்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தொலைபேசியை வைத்த கையோடு, ஆராய்ந்து ரயர் எடுத்த ஒரு மனிதரைப் பற்றிக் கதை எழுதி அவனுக்கு அனுப்புவது என்று உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் போய்விட்டது. கதைதான் இன்னும் முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: "1993ஆம் ஆண்டு, ஆவணி மாதம். உரும்பிராயின் செம்மண் மீது சூரியன் தன் —"

(விட்டுவிட்டேன். சூரியனோடு தொடங்கும் கதைகளை நானே வாசிப்பதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "சோமசேகரம் தன்னுடைய மொறிஸ் மைனர் காருக்குப் புத்தம் புதிய ரயர்கள் நான்கை வாங்கி —"

இங்கே பேனா நின்றுவிட்டது. எங்கிருந்து வாங்கினார்? வடக்கே எதெது போகக்கூடாது என்று அரசாங்கம் போட்ட தடை இருந்த போர்க்காலம். பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, ரயர் இல்லவே இல்லை. நான் எழுத்தாளன், ஒரு வரியில் நாலு ரயரைக் கடத்திக்கொண்டு வந்துவிடலாம்தான். எந்தச் சோதனைச் சாவடியும் என் பேனாவை மறிக்காது. ஆனால் அந்த நாளில் அங்கே இருந்த வாசகர் ஒருவராவது "உது எங்காலை வந்தது?" என்று கடிதம் போடுவார்.

மூன்றாவது தொடக்கம்: "ஊரில் வாடகைக்கு ஓடிய கார்கள் இரண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஓடத்தக்க ரயர்கள் ஐந்து."

இது நிற்கட்டும். இதில் பொய் குறைவு.

3

ஒரு கார் சோமசேகரத்தினுடையது. வயது ஐம்பத்துநாலு, ஒல்லி, பேச்சுக் குறைவு. எந்த ரயரைக் கண்டாலும் பெருவிரல் நகத்தால் ஒருமுறை அழுத்திப் பார்க்காமல் நகரமாட்டார். மற்றக் கார் பரமலிங்கத்தினுடையது. வயது முப்பத்தாறு, வாய் மூடாத ஆள். இரண்டும் மொறிஸ் மைனர் என்பதால் ஒன்றின் சில்லை மற்றதிலும் பூட்டலாம்.

(சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் கேட்கிறார்: "சில்லு என்றால் உடைந்த துண்டுதானே? கார் எப்படிச் சில்லில் ஓடும்?" ஐயா, எங்கள் ஊரில் சக்கரத்துக்குப் பெயர் சில்லு. ஓயாத உபத்திரவத்துக்குப் பெயர் சில்லெடுப்பு. சில்லைக் கழற்றி எடுத்த யாரோ ஒருவர்தான் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.)

பிள்ளைப்பேற்றுக்குப் பெண்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஊருக்கு ஒரு காராவது வேண்டும். ஆகவே சனசமூக நிலையத்தில் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். நல்ல ரயர்கள் ஐந்தையும் ஒன்றாகப் போடுவது. நாலு ஓட, ஒன்று கையிருப்பு. ஒரு கார்தான் ஓடும். மற்றது கல்லில் ஏறும். கல்லில் ஏறிய காரின் சொந்தக்காரர் அதற்குப் பிறகு சாரதி அல்ல, தோட்டக்காரர்.

எந்தக் கார் என்பதில் மூன்று கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. கடைசியில் மருத்துவமாது ஞானாம்பிகை எழும்பினார். ஊர் அவரை மிஸ்ஸி என்று கூப்பிடும். அவர் குரலை உயர்த்திய ஞாபகம் யாருக்கும் இல்லை, உயர்த்தத் தேவைப்பட்டதுமில்லை.

"எனக்கு வேண்டியது ரெண்டு விசயம். கெதியாப் போகவேணும், குலுக்காமல் போகவேணும். புகையிலை வெட்டின காணி சும்மாதானே கிடக்குது. எட்டுப் பனையோலைக் கடகத்தைக் கவிட்டு வையுங்கோ. பின்சீற்றிலை ஒரு குடம் தண்ணி. ரெண்டு பேரும் ஒராள் மாறி ஒராள் சுத்தி வரட்டும். நான் மணிக்கூடு பாக்கிறன்."

குடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனால் அந்த ஓட்டம் செல்லாது. நீதி பிசகாமலிருக்க, இரண்டு காரும் அதே ஐந்து ரயரில்தான் ஓட வேண்டும். முதல் கார் ஓடி முடித்ததும் சில்லுகளைக் கழற்றி மற்றக் காருக்குப் பூட்டுவது. ஐந்தில் எந்த நாலு, எது எந்தப் பக்கம் என்பது மட்டும் அவரவர் விருப்பம்.

(காருக்கும் மண்ணெண்ணெய்தான் என்று, அதற்கும் வரிசையில் நின்ற ஊர் இப்படிச் செலவழிக்குமா என்று கேட்கிறீர்கள். செலவழிக்கும். அந்த ஊருக்கு ஒருநாள் வாய்விட்டுச் சிரிக்க வேண்டியிருந்தது. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.)

4

இப்போது உங்களுக்கு ஓர் இரகசியம். பரமலிங்கத்திடம் சொல்லிவிடாதீர்கள்.

ஐந்து ரயரில் மூன்று சோமசேகரம் கொடுத்தவை, இரண்டு பரமலிங்கம் கொடுத்தவை. ஐந்திலும் பார்வைக்கு மிக நல்லது சோமசேகரத்தின் ஒன்று. ரயரின் மேல் வெட்டியிருக்கும் பூ ஆழமாக இருந்தது, தேயவே இல்லை. மற்ற நாலும் மொட்டை. அந்த நல்ல ரயர் தேயாததற்குக் காரணம், இரண்டு வருடமாக அது ஓடவில்லை. புத்தூர்ப் பக்கம் தகரம் ஒன்று வெட்டி, பக்கச்சுவர் நாலு விரல் நீளத்துக்குப் பிளந்துபோனது. சோமசேகரம் உள்ளே பழைய ரயர்த் துண்டு ஒன்றை வைத்து, வெளியே ஒட்டித் தேய்த்து, மண் பூசி வைத்திருந்தார். வெளியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

அவருடைய மனைவி இரத்தினம்மாவுக்குத் தெரியும்.

"இஞ்சாருங்கோ, அந்த ரயருக்குள்ளை துண்டு வைச்சிருக்கெண்டு கூட்டத்திலை சொன்னனீங்களே?"

"கேட்டாச் சொல்லலாம்."

"கேக்காட்டி?"

"மூண்டு ரயர் குடுத்தவன் நான். அவன் ரெண்டுதான் குடுத்தவன். ஊருக்கு அது தெரியட்டும்."

"உள்ளதைச் சொன்னா நீங்களும் ரெண்டுதான்" என்று சொல்லிவிட்டு இரத்தினம்மா கிணற்றடிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காணியில் நாணயம் சுண்டினார்கள். முதல் ஓட்டம் பரமலிங்கத்துக்கு விழுந்தது. அவர் ஐந்து ரயரையும் பார்த்தார். பார்த்ததும் பூ ஆழமான ரயரில் கையை வைத்தார். நீங்களாயிருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பீர்கள்.

"இதை முன்னுக்குப் போடுவம். இடப்பக்கம். அண்ணை, உங்கடை ரயர் நல்ல ரயர்!"

சோமசேகரத்துக்குக் காது சுட்டது. பாதை முழுவதும் வலப்பக்க வளைவு. வலப்பக்கம் ஒடித்தால் காரின் பாரமெல்லாம் இடப்பக்க முன்சில்லில்தான் இறங்கும். என் மருமகன் இதைக் கணினியில் படம் போட்டு விளக்கினான். சோமசேகரம் முப்பது வருடம் சாரதி இருக்கையில் இருந்தே அறிந்தவர். அறிந்தும், "ஓம், போடு" என்றார்.

5

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தில் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு நாள் எழுதவில்லை. மூன்றாம் நாள் நேரே அவரிடமே கேட்டேன்.

"அண்ணை, ரயர் வெடிக்கவேணும் எண்டு நினைச்சனீங்களோ?"

"நீர்தானே எழுதுறீர். உமக்குத் தெரியாதோ?"

"எனக்குத் தெரியேல்லை."

"அப்ப எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் காரின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் படுகிறது. வெடிக்க வேண்டுமென்று அவர் வேண்டவில்லை. வெடித்தால் நல்லதுதானே என்ற நினைப்பு வந்தபோது அதைத் துரத்தவுமில்லை. நானும் இப்படி எத்தனை நினைப்புகளுக்குப் பாய் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆகவே அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

6

பரமலிங்கம் ஓடினார்.

(இங்கே ஒரு பக்கம் வர்ணனை இருந்தது. புழுதி, ஓசை, பறந்த கோழி. எடுத்துவிட்டேன். கோழி மட்டும் நன்றாக வந்திருந்தது.)

முதலாவது கடகத்தில் கார் சரிந்தது, சோமசேகரம் கண்ணை மூடினார். இரண்டாவதில் திறந்தார். மூன்றாவதில் தன்னை அறியாமல், "மெதுவா, மெதுவா" என்று முணுமுணுத்தார். அது பரமலிங்கத்துக்குச் சொன்னதா ரயருக்குச் சொன்னதா என்பது பக்கத்தில் நின்ற இரத்தினம்மாவுக்கே விளங்கவில்லை. எட்டாவது கடகம் சில்லில் அடிபட்டு உருண்டது. ரயர் வெடிக்கவில்லை. மிஸ்ஸி குடத்தைப் பார்த்தார். தண்ணீர் கோட்டுக்கு மேலே ஒரு விரல்.

"ஒரு நிமிசம், நாப்பத்தெட்டு செக்கன்" என்றார்.

சனம் கைதட்டியது. நல்ல நேரம்தான். ஆனால் சோமசேகரத்துக்கு அது எட்டாத நேரமில்லை. ஐந்து ரயரையும் எங்கெங்கே போடுவது என்று அவர் மனதுக்குள் பிரித்து வைத்திருந்தார். மொட்டைகள் நாலும் கீழே. காய்ந்த செம்மண்ணில் மொட்டை நன்றாகப் பிடிக்கும். பூ ஆழமான ரயர் கையிருப்பில் படுத்திருக்கும். கேட்டால், "பூ மண்ணைக் கிளறும்" என்று ஒரு நியாயமும் ஆயத்தமாக வைத்திருந்தார். ஒரு நிமிடம் நாற்பது செக்கனில் வந்துவிடலாம். கார் தன்னோடே இருக்கும். விடிய எழும்பி அதன் முகத்தில் திருநீறு பூசலாம்.

சோமசேகரம் சில்லுக் கழற்றும் சாவியை எடுத்தார். பரமலிங்கத்தின் காரை யக்கு வைத்துத் தூக்கி, முன்சில்லுகள் இரண்டையும் கழற்றிக் கீழே வைத்தார்.

அப்போது நிறைமாதக் குணலட்சுமியின் கணவர் தியாகராசா சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

(அவர் இப்போது வருவதாக என் திட்டத்தில் இல்லை. சோமசேகரமும் ஓடி முடித்து, முடிவும் சொன்ன பிறகுதான் வரவேண்டும் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். பிரசவ நோவு என் குறிப்புப் புத்தகத்தை வாசிக்கவில்லை.)

தியாகராசா சேட்டை உட்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"மிஸ்ஸி! குணலட்சுமிக்குத் தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது. தலைப்பிள்ளை. தாய் பயப்பிடுறா, கெதியா வாங்கோ!"

காணியில் இரண்டு கார் நின்றன. ஒன்றுக்கு முன்சில்லு இரண்டும் இல்லை. மற்றதுக்குச் சில்லே இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் கார் குளிர்ந்திருந்தால் இலகுவில் உயிர்க்காது. பொத்தி வைத்த பெற்றோலில் கொஞ்சம் ஊற்றி, தள்ளி, கும்பிட்டுத்தான் உயிர்ப்பிக்க வேண்டும். பரமலிங்கத்தின் கார் இப்போதுதான் ஓடி வந்தது, இயந்திரம் இன்னும் சூடு. எது போக வேண்டும் என்பதில் யாருக்கும் ஐமிச்சம் இருக்கவில்லை, சோமசேகரத்துக்கும் இருக்கவில்லை.

"பரமு, யக்கை விடாமல் பிடி" என்றார். வலப்பக்க முன்சில்லை ஏற்றினார். நாலு நட்டு, ஒவ்வொன்றும் இறுகிய பிறகு இன்னும் ஒருக்கால் முறுக்கினார். பிறகு பூ ஆழமான ரயர் இருந்த சில்லைத் தூக்கி இடப்பக்கம் கொண்டுபோனார். அங்கே நின்றார்.

7

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) சோமசேகரம் அந்தச் சில்லையே பூட்டுகிறார். பெரியாஸ்பத்திரிக்கு ஐந்து மைல்கட்டை தூரம், தெருவெல்லாம் ஷெல் விழுந்த குழி, ஆனாலும் ரயர் தாங்குகிறது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரியும்.

இதைக் கிழித்துவிட்டேன். முடிவுகளையெல்லாம் உங்களிடமே விடுகிற எழுத்தாளன்தான் நான். ஆனால் நோவில் துடிக்கிற ஒரு பெண்ணை ஒரு பிளந்த ரயரில் ஏற்றி, தாங்குமா தாங்காதா என்று வாசகரிடம் கேட்கமாட்டேன். அந்தச் சில்லு காரில் ஏறாது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

ஆ) பரமலிங்கம் மனம் இளகி, "அண்ணை, நீங்களே ஓட்டுங்கோ" என்று கார்ச் சாவியைக் கொடுக்கிறார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து —

(இல்லை. பரமலிங்கத்தை எனக்குத் தெரியும். சாவியைக் கொடுக்கமாட்டார்.)

இ) இதுவரை நிற்பது இதுதான்:

சோமசேகரம் பூ ஆழமான சில்லைத் தள்ளிவிட்டார். அது கொஞ்சத் தூரம் உருண்டு, கவிழ்ந்த கடகம் ஒன்றில் சாய்ந்து நின்றது. கையிருப்பில் கிடந்த மொட்டை ரயரை எடுத்தார். பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். பூட்டினார். நாலு நட்டு. இன்னும் ஒருக்கால்.

பரமலிங்கம் யக்கை இறக்கிக்கொண்டே கேட்டார்:

"அண்ணை, அதுதானே அஞ்சுக்கையும் நல்ல ரயர்? ஏன் அதை விலத்திப்போட்டியள்?"

குரல் வழக்கம்போலப் பெரிது. காணியில் நின்ற அறுபது எழுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இரத்தினம்மாவும் பார்த்தார். மிஸ்ஸி மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து இறங்கிக் கிடக்குது" என்று சொல்லலாம். யாரும் சோதிக்கமாட்டார்கள். அடுத்த ஞாயிறு அவருடைய ஓட்டம் நடக்கும், ஒரு நிமிடம் நாற்பதில் வருவார், கார் அவரோடு இருக்கும், மூன்று ரயர் கொடுத்தவர் என்ற பெயரும் இருக்கும். உள்ளதையும் சொல்லலாம். சொன்னால் அடுத்த ஞாயிறு இல்லை. பிளந்த ரயரைப் பேசாமல் மற்றவன் காரில் ஓட விட்டவருக்கு ஊர் இன்னொரு ஓட்டம் கொடுக்காது.

சோமசேகரம் சில்லுச் சாவியை நிலத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

அந்த வரியை நான் எட்டுத் தரம் எழுதினேன். எட்டுத் தரமும் அவர் என்னைப் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்ததை அவர் சொன்னால் அது என்னுடைய வாய்மை, அல்லது என்னுடைய பொய். அவருடையது ஆகாது. ஆகவே பேனாவை வைக்கிறேன். இனி அவருக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள்.

என்ன சொல்கிறார் என்று சொல்லுங்கள். யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். பரமலிங்கம் பதிலைக் கேளாமல் காரை எடுக்கமாட்டார், குணலட்சுமி பையும் கையுமாக வீட்டு வாசற்படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.