இடுப்பளவில் தெரியாதது

டாக்டரம்மா இரண்டு படங்களைக் கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். வயிற்றுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் கணையமாம். ஒன்று கறுப்பாக, மற்றது வெள்ளைத் திட்டுகளாக. வெள்ளையெல்லாம் கொழுப்பு என்றார். அது தன் புருஷனுடையதுதான் என்பதில் எதிரில் உட்கார்ந்திருந்த தையல்காரிக்குச் சந்தேகமே இல்லை.

"இல்லம்மா, அது உங்களுது."

சர்க்கரை வியாதிக்காரப் புருஷனுக்குத் துணைக்கு வந்தவள் அவள். சர்க்கரைக்காரர்களின் கணையத்தில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று ஓர் ஆராய்ச்சிக்காக ஸ்கேனில் அளக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சர்க்கரை இல்லாதவர்களும் வேண்டும் என்றதால் அவளும் போய்ப் படுத்தாள். தனக்கென்ன வந்தது என்ற தைரியம்தான்.

ஊர் இடுப்பையெல்லாம் அளக்கிறவள். தன் இடுப்பு கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையின் அளவைத் தாண்டியதில்லை என்பதில் அவளுக்குத் திமிரே உண்டு. அந்தத் திமிரில்தான் புருஷனுக்குச் சோற்றை அளந்து போட்டாள், பிஸ்கட் டப்பாவைப் பூட்டி வைத்தாள், வாயைக் கட்டத் தெரியாமல் வியாதியை வரவழைத்துக்கொண்டவர் என்று நாலு பேர் எதிரில் சொன்னாள். பஸ் ஓட்டுகிற மனுஷன், தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்க, எல்லாவற்றையும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

படம் மாறியிருக்குமோ என்று கேட்டாள். டாக்டர் சரிபார்த்தார், மாறவில்லை. அப்படியென்றால் தனக்கும் சர்க்கரையா? இல்லை, ரத்தம் சுத்தமாக இருக்கிறது. இனிமேல் வருமா?

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியலம்மா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும் பண்றோம்."

படித்தவருக்கே தெரியவில்லை என்றால் இதை யாரிடம் போய்க் கேட்பது? வியாதியும் இல்லை, இல்லாமலும் இல்லை. புருஷன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள்; சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவள் திட்டும்போது நிற்பதுபோலவே தரையைப் பார்த்து நின்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளரில் காபி ஆற்றினாள். அவருக்குச் சர்க்கரை கிடையாது, அவளுக்கு இரண்டு ஸ்பூன். என்றைக்கும் அதுதான் வழக்கம். சர்க்கரை டப்பாவைத் திறந்தவளுக்குப் போடலாமா கூடாதா என்று புரியவில்லை.

அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நீ ஒரு தப்பும் பண்ணலையே," என்றார். குத்தல் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போன குரல். பிறகு, "அப்போ நானும் பண்ணலையோ என்னமோ."

அவள் திரும்பவில்லை. கையில் ஸ்பூன் நிறையச் சர்க்கரை இருந்தது. இரண்டு டம்ளரிலும் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது.